ஆயத்தொலைத் தளத்தில் எளிய சமன்பாடுகளை வரைதல்: மேட்டூர் அணையின் நீரிருப்பைக் கொண்டு ஒரு விளக்கம்

ஒரு சமன்பாட்டை நிறைவு செய்யும் எண் சோடிகள் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகக் குறித்து, அப்புள்ளிகளை இணைத்துப் படமாகக் காட்டுவதே சமன்பாட்டின் வரைபடம் ஆகும். இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள தொடர்பு சமன்பாட்டில் எழுத்துகளாக இருக்கும். வரைபடத்தில் அதே தொடர்பு கோடாகத் தெரியும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் மாணவர்கள் நடுநிலை வகுப்புகளிலேயே புள்ளிகளைக் குறிக்கக் கற்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடம் 8 மதிப்பெண் வினாவாக வருகிறது.

தேர்வுக்கு வெளியேயும் இந்தப் படத்துக்கு வேலை உண்டு. மேட்டூர் அணை எப்போது நிரம்பும், திறந்துவிடும் நீர் எத்தனை நாளுக்கு வரும், ஓமலூர் வட்டாரத்து ஏரிகளுக்கு உபரிநீர் வருமா என்ற கேள்விகளை ஒரு வரைபடத்தாளில் வரைந்து பார்க்கலாம். இக்கட்டுரை வரைபடத்தின் அடிப்படைகளைச் சொல்லி, பின் அணைக் கணக்கின் வழியாக அவற்றை விளக்குகிறது.

பாடநூல்களில் எக்ஸ், ஒய் என்ற ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் மாறிகள் இக்கட்டுரையில் முறையே க (கிடை அளவு), ச (செங்குத்து அளவு) எனக் குறிக்கப்படுகின்றன.

ஆயத்தொலைத் தளம்

ஒன்றுக்கொன்று செங்குத்தாக வெட்டும் இரண்டு எண்கோடுகள் ஒரு தளத்தை நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றன. கிடையாகச் செல்வது கிடை அச்சு (எக்ஸ் அச்சு). மேல் கீழாகச் செல்வது செங்குத்து அச்சு (ஒய் அச்சு). இரண்டும் வெட்டும் இடம் ஆதிப்புள்ளி. அதன் ஆயத்தொலைவுகள் (0, 0). ஆதிப்புள்ளிக்கு வலப்புறமும் மேற்புறமும் உள்ள அளவுகள் மிகை எண்கள். இடப்புறமும் கீழ்ப்புறமும் உள்ளவை குறை எண்கள். நான்கு பகுதிகளும் கால்பகுதிகள் எனப்படும். வலது மேற்பகுதியை முதலாவதாகக் கொண்டு, கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராக அவை எண்ணப்படுகின்றன.

(3, 5) என்றால் ஆதிப்புள்ளியிலிருந்து வலப்புறம் 3, பிறகு மேலே 5. (5, 3) என்பது வேறொரு புள்ளி. கிடை அளவை முதலில் எழுத வேண்டும் என்ற ஒழுங்கு இருப்பதால் இதற்கு வரிசைச் சோடி என்று பெயர்.

இந்த முறை நம் ஊர் நில ஆவணங்களிலும் இருக்கிறது. ஒரு புலத்தின் வடிவத்தைக் குறிக்கும் புலப்படத்தைத் தயாரிக்கும்போது, நில அளவர் புலத்தின் குறுக்கே ஓர் அளவைக் கோட்டைப் பிடிக்கிறார். எல்லை வளைந்து திரும்பும் இடங்கள் அக்கோட்டின் எந்தத் தூரத்தில், செங்குத்தாக எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அளந்து குறிக்கிறார். கோட்டின் வழியே அளந்தது கிடை அளவு. கோட்டிலிருந்து தள்ளி அளந்தது செங்குத்து அளவு. கோட்டுக்கு ஒரு பக்கத்தை மிகை என்று கொண்டால் மறுபக்கம் குறை. பட்டா நிலத்தின் புலப்படம் வைத்திருக்கும் எவர் வீட்டிலும் ஓர் ஆயத்தொலைத் தளம் இருக்கிறது.

சமன்பாட்டிலிருந்து கோட்டுக்கு

ச = 2க + 1 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். க-வுக்கு நாம் விரும்பும் மதிப்பைக் கொடுக்கலாம். கொடுத்த உடனே ச-வின் மதிப்பு உறுதியாகிவிடுகிறது.

க = −2 எனில் ச = −3
க = −1 எனில் ச = −1
க = 0 எனில் ச = 1
க = 1 எனில் ச = 3
க = 2 எனில் ச = 5

இந்த ஐந்து புள்ளிகளையும் தாளில் குறித்தால் அவை ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. காரணம் எளிது. க ஒவ்வொரு முறை 1 கூடும்போதும் ச தவறாமல் 2 கூடுகிறது. வலப்புறம் ஓர் அடி வைத்தால் மேலே இரண்டு அடி என்று ஒரே மாதிரி ஏறும் பாதை வளையாது. மாறிகளின் உயர்ந்த படி 1 ஆக உள்ள இத்தகைய சமன்பாடுகளுக்கு நேரிய சமன்பாடுகள் என்று பெயர்.

வரைவதற்கான படிகள் இவை:

1. ச-வைத் தனியே ஒரு பக்கம் கொண்டுவர வேண்டும்.
2. க-வுக்குக் குறைந்தது மூன்று மதிப்புகள் கொடுத்து அட்டவணை தயாரிக்க வேண்டும்.
3. அட்டவணையில் உள்ள மிகச் சிறிய, மிகப் பெரிய எண்களைப் பார்த்து அளவுத்திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, தாளின் மூலையில் எழுத வேண்டும்.
4. அச்சுகளை வரைந்து பெயரிட்டு, புள்ளிகளைக் குறிக்க வேண்டும்.
5. புள்ளிகள் ஒரே கோட்டில் உள்ளனவா என்று பார்த்த பின்னரே அளவுகோலால் இணைக்க வேண்டும்.

இரண்டு புள்ளிகள் இருந்தாலே ஒரு நேர்கோடு வரைந்துவிடலாம். பிறகு மூன்றாவது எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றின் வழியே ஒரு நேர்கோடு போகும். அவற்றில் ஒன்று தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தாலும் கோடு வரும். அந்தச் சமன்பாடு நேரியதே இல்லை என்றாலும் கோடு வரும். மூன்றாவது புள்ளி கோட்டில் விழுகிறதா இல்லையா என்பதுதான் நம் கணக்குக்குச் சோதனை. இது வெறும் தேர்வு நுட்பம் இல்லை என்பதை அணைக் கணக்கில் பின்னால் காண்போம்.

2க + 3ச = 12 போன்ற வடிவில் சமன்பாடு இருந்தால் இன்னொரு சுருக்கு வழி உண்டு. ச = 0 என்று வைத்தால் க = 6. க = 0 என்று வைத்தால் ச = 4. ஆகவே கோடு (6, 0), (0, 4) என்ற இடங்களில் அச்சுகளை வெட்டுகிறது. சோதனைக்கு க = 3 என்று வைத்தால் ச = 2; (3, 2) அதே கோட்டில் விழுகிறது.

ச = 4 என்று மட்டும் இருந்தால் க எதுவாக இருந்தாலும் ச மாறாது; அது கிடைக்கோடு. க = 3 என்று மட்டும் இருந்தால் அது செங்குத்துக்கோடு.

சாய்வும் வெட்டுத்துண்டும்

செங்குத்தல்லாத எந்த நேர்கோட்டையும் இப்படி எழுதலாம்:

ச = சாய்வு × க + வெட்டுத்துண்டு

வெட்டுத்துண்டு என்பது க = 0 ஆக இருக்கும்போது ச-வின் மதிப்பு, அதாவது கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம். சாய்வு என்பது க ஓர் அலகு கூடும்போது ச எவ்வளவு மாறுகிறது என்பது. சாய்வு மிகையாக இருந்தால் கோடு இடமிருந்து வலமாக ஏறும். குறையாக இருந்தால் இறங்கும். சுழியாக இருந்தால் கிடையாகச் செல்லும்.

நடைமுறைக் கணக்குகளில் வெட்டுத்துண்டு என்பது தொடக்கத்தில் கையில் இருப்பது. சாய்வு என்பது ஒவ்வொரு நாளும் அது மாறும் வேகம். இந்த இரண்டு எண்களும் தெரிந்தால் கோடு முழுவதும் தெரிந்துவிடும்.

மேட்டூர் அணை: ஒரு நேரிய சமன்பாடு

சேலம் மாவட்டத்தில் காவிரியின் குறுக்கே கட்டப்பட்ட மேட்டூர் அணை 1934-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் நீர்த்தேக்கம், அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்படுகிறது. முழு நீர்மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 100 கோடி கன அடி.

பருவகாலத்தில் நாளிதழ்கள் நாள்தோறும் நான்கு எண்களை வெளியிடுகின்றன: நீர்மட்டம் (அடி), நீர் இருப்பு (டி.எம்.சி.), நீர்வரத்து, நீர்திறப்பு. பின்னவை இரண்டும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று தரப்படும். இவற்றை ஒரே சமன்பாட்டில் சேர்க்க வேண்டுமானால், வினாடிக் கணக்கை நாள் கணக்காக மாற்ற வேண்டும்.

ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். வினாடிக்கு 1 கன அடி வீதம் நாள் முழுவதும் நீர் ஓடினால் 86,400 கன அடி சேரும். 100 கோடியை 86,400 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11,574. ஆகவே வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் ஓடும் நீர் ஒரு டி.எம்.சி. இந்த ஓர் எண் நினைவில் இருந்தால் நாளிதழ்ச் செய்தியைச் சமன்பாடாக எழுதிவிடலாம்.

அணையில் 65 டி.எம்.சி. நீர் இருக்கிறது; வரத்து வினாடிக்கு 23,000 கன அடி, திறப்பு 11,500 கன அடி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 11,500, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 டி.எம்.சி. அணையில் சேர்கிறது. க என்பது நாட்கள், ச என்பது இருப்பு எனில்:

ச = க + 65

க = 0 எனில் ச = 65. க = 10 எனில் ச = 75. க = 20 எனில் ச = 85. கிடை அச்சில் 1 செ.மீ. = 5 நாட்கள், செங்குத்து அச்சில் 1 செ.மீ. = 5 டி.எம்.சி. என்ற அளவுத்திட்டம் இதற்குப் பொருந்தும். செங்குத்து அச்சை 60-லிருந்து தொடங்கினால் தாள் வீணாகாது. ஆனால் அச்சின் அடியில் முறிவுக்குறி இட்டு, அது சுழியிலிருந்து தொடங்கவில்லை என்று காட்ட வேண்டும்.

அதே தாளில் ச = 93.47 என்ற கிடைக்கோட்டையும் வரைவோம். அது அணையின் முழுக் கொள்ளளவு. ஏறும் கோடு இந்தக் கிடைக்கோட்டை க = 28.47 என்ற இடத்தில் வெட்டுகிறது. வரத்தும் திறப்பும் மாறாதிருந்தால் அணை 29-ஆம் நாளில் நிரம்பும்.

வரத்து கூடி, நாளொன்றுக்கு 2 டி.எம்.சி. சேர்ந்தால் சமன்பாடு ச = 2க + 65. கோடு அதே இடத்தில் தொடங்கிச் செங்குத்தாக ஏறி, 15-ஆம் நாளிலேயே முழுக் கொள்ளளவைத் தொடுகிறது. சேர்வது அரை டி.எம்.சி. ஆகக் குறைந்தால் ஏறத்தாழ 57 நாட்கள் ஆகும். தொடக்க இருப்பு மூன்றிலும் ஒன்றுதான். சாய்வு மட்டுமே வேறு.

ஜூன் 12 கணக்கு

காவிரி டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கமான ஏற்பாடு. இடைப்பட்ட காலம் 230 நாட்கள். ஜூன் 12 அன்று அணை நிரம்பியிருக்கிறது என்றும், அதன்பின் ஒரு துளிகூட வரத்து இல்லை என்றும் கொள்வோம். வினாடிக்கு 12,000 கன அடி வீதம் திறந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.037 டி.எம்.சி. வெளியேறும்.

ச = 93.47 − 1.037க

இக்கோடு கிடை அச்சை க = 90 என்ற இடத்தில் வெட்டுகிறது. ஜூன் 12-லிருந்து 90 நாட்கள் என்றால் செப்டம்பர் 10. குறுவை முடிந்து சம்பாவுக்கு நீர் தேவைப்படும் காலத்தில் அணை காலியாகிவிடும். உண்மையில் அதற்கும் முன்பே நீர் தட்டுப்படும். அணையின் அடியில் கிடக்கும் நீர் முழுவதையும் திறந்துவிட முடியாது, ஆவியாகும் நீரும் உண்டு.

இப்போது அதே தொடக்கப் புள்ளியிலிருந்து (230, 0) என்ற புள்ளிக்கு இரண்டாவது கோட்டை வரைவோம். 93.47-ஐ 230 ஆல் வகுத்தால் சாய்வு −0.406. அதாவது வரத்தே இல்லாமல் ஜனவரி 28 வரை நீரை நீட்ட வேண்டுமானால் வினாடிக்கு 4,700 கன அடிக்குமேல் திறக்க இயலாது. 12,000-க்கும் 4,700-க்கும் உள்ள வேறுபாடான 7,300 கன அடி, சராசரி வரத்தாக நாள்தோறும் வந்தால்தான் கணக்கு நேராகும்.

இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் காவிரி வழக்கின் சாரம். 230 நாட்களுக்கு 12,000 கன அடி வீதம் திறக்க ஏறத்தாழ 238 டி.எம்.சி. தேவை, நிரம்பிய அணையில் இருப்பது 93.47. மீதி மேலிருந்து வர வேண்டும். இயல்பான மழையாண்டில் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் கிடைக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்தது. ஆண்டு மொத்தத்தோடு மாதவாரியான அளவுகளும் ஏன் வற்புறுத்தப்படுகின்றன என்பதற்கும் வரைபடத்தில் விடை இருக்கிறது. மொத்த நீர் கடைசியில் வந்து சேர்ந்தாலும், இடையில் கோடு ஒருமுறை கிடை அச்சைத் தொட்டுவிட்டால் அந்த நாளில் வயலுக்கு நீர் இல்லை.

மேலே எடுத்துக்கொண்ட 12,000 கன அடி ஓர் எடுத்துக்காட்டு எண். நடைமுறையில் தேவைக்கும் மழைக்கும் ஏற்பத் திறப்பு கூட்டிக் குறைக்கப்படுகிறது. அப்போது வரைபடம் ஒரே நேர்கோடாக இராமல், வேறு வேறு சாய்வுள்ள நேர்கோட்டுத் துண்டுகளின் தொடராக இருக்கும். ஒவ்வொரு துண்டின் சாய்வும் அந்த நாட்களின் வரத்துக்கும் திறப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும்.

ஓமலூர் ஏரிகளும் வெட்டும் புள்ளியும்

மேட்டூர் அணை ஓமலூருக்கு அருகில்தான் இருக்கிறது. ஆயினும் அணை நீர் தாழ்வான காவிரிப் படுகையில் ஓடிவிடுகிறது. ஓமலூர் மேட்டு நிலம். சேர்வராயன் மலையில் தோன்றி ஓமலூர் வழியே சென்று காவிரியில் கலக்கும் சரபங்கா ஆறு மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. அதை நம்பிய ஏரிகள் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தன.

மேட்டூர் அணை நிரம்பி வழியும் காலத்து உபரிநீரை, திப்பம்பட்டியில் அமைந்த நீரேற்று நிலையத்தின் வழியாகச் சரபங்கா வடிநிலத்தில் உள்ள 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுசெல்ல ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. 565 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்துக்கு 2020-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, ஓமலூர் வட்டங்களின் ஏரிகள் இதில் அடங்கும்.

திட்டத்தின் மூலச்சொல் ‘உபரிநீர்’. வரைபடத்தில் அதன் பொருள் தெளிவானது. இருப்புக்கோடு ச = 93.47 என்ற கிடைக்கோட்டை வெட்டும் வரை உபரி என்று ஒன்று இல்லை. வெட்டும் புள்ளிக்குப் பிறகு அணையால் மேலும் ஏற்க முடியாது. வரத்தில் திறப்பு போக எஞ்சுவது உபரி. ஆகவே ஏரிக்கரையில் காத்திருக்கும் உழவருக்கு வெட்டும் புள்ளியின் கிடை ஆயத்தொலைவே முக்கியம். அது 15-ஆ, 57-ஆ என்பதில் ஒரு பயிர் தங்கியிருக்கிறது. ஓர் ஆண்டு முழுவதும் கோடு அந்த உயரத்தைத் தொடாமலே இறங்கிவிட்டால், அந்த ஆண்டு உபரி இல்லை.

இரு கோடுகள் வெட்டினால்

இரண்டு நேரிய சமன்பாடுகளுக்கும் பொதுவான தீர்வைக் காண்பதே ஒருங்கமைச் சமன்பாடுகளைத் தீர்ப்பது. இரு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால், அவை வெட்டும் புள்ளி தீர்வு.

எடுத்துக்காட்டாக, ஓர் ஏரியில் 10 மில்லியன் கன அடி நீர் இருக்கிறது; நாள்தோறும் 2 மில்லியன் கன அடி சேர்கிறது. இன்னோர் ஏரியில் 40 மில்லியன் கன அடி இருக்கிறது. பாசனத்துக்காக நாள்தோறும் 3 மில்லியன் கன அடி குறைகிறது. இரண்டிலும் நீர் எப்போது சமமாகும்?

முதல் ஏரி: ச = 2க + 10
இரண்டாம் ஏரி: ச = 40 − 3க

முதல் கோட்டின் புள்ளிகள் (0, 10), (5, 20), (10, 30). இரண்டாம் கோட்டின் புள்ளிகள் (0, 40), (5, 25), (10, 10). கோடுகள் (6, 22) என்ற புள்ளியில் வெட்டுகின்றன. ஆறாம் நாள் முடிவில் இரு ஏரிகளிலும் 22 மில்லியன் கன அடி இருக்கும். இரண்டு சமன்பாடுகளிலும் க = 6 என்று இட்டுச் சரிபார்க்கலாம்.

சாய்வு ஒன்றாகவும் வெட்டுத்துண்டு வேறாகவும் இருந்தால் கோடுகள் இணையானவை, தீர்வு இல்லை. சாய்வும் வெட்டுத்துண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே கோடு, தீர்வுகள் எண்ணற்றவை.

நேர்கோடு வராத இடங்கள்

அணையின் நீர்மட்டத்தையும் இருப்பையும் எடுத்துக்கொள்வோம். 0 அடியில் இருப்பு 0 என்று கொள்வோம். 120 அடியில் 93.47 டி.எம்.சி. இந்த இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்து ஒரு கோடு இழுத்தால், 100 அடியில் ஏறத்தாழ 78 டி.எம்.சி. இருக்க வேண்டும். ஆனால் நீர்மட்டம் 100 அடியாக இருக்கும்போது செய்திகளில் வரும் இருப்பு ஏறத்தாழ 65 டி.எம்.சி. தான். மூன்றாவது புள்ளி கோட்டில் விழவில்லை; 13 டி.எம்.சி. கீழே விழுகிறது.

காரணம் பள்ளத்தாக்கின் வடிவம். நீர்த்தேக்கத்தின் அடிப்பகுதி குறுகியது, மேலே போகப்போக அகலம் கூடுகிறது. அடியில் ஓர் அடி உயர்வதற்குக் கொஞ்சம் நீர் போதும். மேலே ஓர் அடி உயர நிறைய நீர் வேண்டும். முழு உயரத்துக்குச் சராசரி அடிக்கு 0.78 டி.எம்.சி.; கடைசி 20 அடியில் மட்டும் அடிக்கு 1.4 டி.எம்.சி.க்கும் மேல். சாய்வு மாறிக்கொண்டே போவதால் வரைபடம் மேல்நோக்கி வளையும் வளைவரை.

‘100 அடி இருக்கிறது, ஆறில் ஐந்து பங்கு நிரம்பிவிட்டது’ என்று நினைப்பவர் அந்த 13 டி.எம்.சி.யை இல்லாமலே கணக்கில் சேர்த்துவிடுகிறார். 12,000 கன அடி திறப்பில் அது ஏறத்தாழ 12 நாள் நீர். உண்மையில் அணை நிரம்பியிருப்பது 70 விழுக்காடு அளவுதான். இருப்பு நாள் கணக்கில் நேர்கோடாக மாறும்போதுகூட நீர்மட்டம் நேர்கோடாக மாறாது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

எதிர்மாறல் என்பது நேர்கோடு வராத இன்னொரு வகை. ஓர் ஏரியை ஒரு மோட்டார் 24 நாளில் நிரப்புகிறது என்றால், மோட்டார்களின் எண்ணிக்கை க, நாட்கள் ச எனில் க × ச = 24. புள்ளிகள் (1, 24), (2, 12), (3, 8), (4, 6), (6, 4), (8, 3), (12, 2). முதல் மோட்டாரோடு இன்னொன்று சேர்ந்தால் 12 நாட்கள் மிச்சம். எட்டு மோட்டார்களோடு மேலும் நான்கு சேர்ந்தாலும் ஒரே ஒரு நாள்தான் மிச்சம். புள்ளிகளை அளவுகோல் வைத்து இணைக்கக் கூடாது. கையால் சீராக வளைத்து இணைக்க வேண்டும். இவ்வளைவரை செவ்வக அதிபரவளையம் ஆகும். அது இரு அச்சுகளையும் நெருங்குமே தவிர எதையும் தொடாது. எத்தனை மோட்டார் வைத்தாலும் ஏரி சுழி நாளில் நிரம்பாது.

வழக்கமாக நேரும் பிழைகள்

அளவுத்திட்டத்தை எழுதாமல் விடுவது. தாளில் 1 செ.மீ. எதைக் குறிக்கிறது என்று தெரியாவிட்டால் படத்திலிருந்து எந்த விடையையும் படிக்க முடியாது.

ஒரே அச்சில் அளவை இடையில் மாற்றுவது. 0, 5, 10 என்று போய், இடமில்லாமல் அடுத்த கட்டத்தில் 20 என்று எழுதினால் நேர்கோடும் உடைந்து தெரியும். இரு அச்சுகளுக்கும் வேறு வேறு அளவு வைக்கலாம். ஓர் அச்சுக்குள் மாற்றக் கூடாது.

குறை எண்களைப் பெருக்கும்போது குறியை விடுவது. ச = 40 − 3க என்பதில் க = −2 எனில் ச = 46; பலர் 34 என்று எழுதுவர். மூன்றாவது புள்ளியை வைத்தால் இப்பிழை உடனே தெரியும்.

பொருளற்ற பகுதிக்குக் கோட்டை நீட்டுவது. ச = 93.47 − 1.037க என்ற கோடு கணிதத்தில் கிடை அச்சுக்குக் கீழேயும் போகும். அணையில் குறை எண்ணாக நீர் இருக்க முடியாது. ஆகவே சமன்பாடு எந்த எல்லைக்குள் செல்லும் என்று சொல்லிவிட்டு, அங்கேயே கோட்டை நிறுத்த வேண்டும்.

வரலாறு

வடிவங்களையும் சமன்பாடுகளையும் இப்படி இணைக்கும் முறை பிரெஞ்சு அறிஞர் ரெனே தெக்கார்த்து 1637-ல் வெளியிட்ட ‘லா ஜியோமெட்ரி’ என்ற நூலால் பரவியது. அவரது பெயரின் இலத்தீன் வடிவத்திலிருந்தே கார்ட்டீசியன் தளம் என்ற பெயர் வந்தது. அதே காலத்தில் பியர் தெ ஃபெர்மாவும் தனியாக இக்கருத்தை வந்தடைந்திருந்தார். அவர்களுக்கு முன்பே, 14-ஆம் நூற்றாண்டில், நிக்கோல் ஓரெம் மாறும் அளவுகளை உயரங்களாக வரைந்து காட்டினார். இன்று நாம் வரையும் நான்கு கால்பகுதிகள் கொண்ட தளம் தெக்கார்த்தின் நூலில் அப்படியே இல்லை. பின்வந்தவர்கள் அதைச் செம்மைப்படுத்தினர்.

பயிற்சிகள்

1. 3க + 2ச = 12 என்ற கோட்டை வரைந்து, அச்சுகளை எங்கே வெட்டுகிறது என்று காண்க.

2. அணையில் 80 டி.எம்.சி. நீர் இருக்கிறது. வரத்து வினாடிக்கு 8,000 கன அடி. திறப்பு 19,574 கன அடி. இருப்பு எத்தனை நாளில் 65 டி.எம்.சி. ஆகும்?

3. ஓமலூர் சந்திப்பிலிருந்து பெங்களூரு திசையில் ஒரு சரக்கு வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. அரை மணி நேரம் கழித்து அதே திசையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு பயணிகள் வண்டி புறப்படுகிறது. பின்னது முன்னதை எங்கே, எப்போது எட்டும்?

4. மழைக்காலத்தில் தொடர்ந்து பத்து நாட்களுக்கு நாளிதழில் வரும் மேட்டூர் அணை நீரிருப்பைப் புள்ளிகளாகக் குறிக்கவும். முதல் இரண்டு நாட்களின் புள்ளிகளை இணைத்துக் கோட்டை நீட்டி, மற்றப் புள்ளிகள் அதில் விழுகின்றனவா என்று பார்க்கவும். விலகும் நாட்களில் வரத்தோ திறப்போ எவ்வளவு மாறியது என்று அதே செய்திகளில் தேடவும்.

விடைகள்: 1. (4, 0), (0, 6). சோதனைப் புள்ளி (2, 3). 2. வேறுபாடு 11,574 கன அடி, அதாவது நாளுக்கு 1 டி.எம்.சி. குறைகிறது; ச = 80 − க; 15 நாட்கள். 3. முதல் வண்டி ச = 40க, இரண்டாவது ச = 60க − 30; கோடுகள் (1.5, 60) என்ற புள்ளியில் வெட்டுகின்றன. முதல் வண்டி புறப்பட்டு ஒன்றரை மணி நேரத்தில், ஓமலூரிலிருந்து 60 கி.மீ. தொலைவில். 4. விடை ஆண்டுக்கு ஆண்டு மாறும்.